நாற்பது டிகிரி வெயிலில் வெந்நீர்: சீனக் கோடைப் பழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் நான்ஜிங் நகரத்தில் ஆறு கோடைகள் இருந்தேன். நான்ஜிங், வூஹான், சோங்சிங் மூன்றையும் சேர்த்து ‘மூன்று அடுப்புகள்’ என்பார்கள் அங்கே. முதல் கோடையில் ஐஸ் தண்ணீரும் தர்ப்பூசணியுமாகவே ஓட்டி, வயிறு கெட்டு, ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தபோது கீழ்வீட்டு அம்மாதான் காப்பாற்றினார். அம்மா வயதுப் பெண்களைச் சீனர்கள் ‘ஆயி’ என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவரிடம் கற்றது, அங்கே பார்த்தது, அப்புறம் தேடிப் படித்தது எல்லாவற்றையும் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். அங்கே படிக்கவும் வேலைக்கும் போகிற நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை.

சீனாவில் கோடை எப்போது? நம் கத்திரி வெயில் நேரம்தானா?

இல்லை. நமக்குச் சித்திரை கடைசியில் தொடங்கும் கத்திரி வைகாசியில் முடிந்துவிடும். அவர்களுக்கு நம் ஆடி மாதம்தான் உச்சம்.

அவர்களுடைய பழைய பஞ்சாங்கம் சூரியனை வைத்து வருடத்தை 24 பருவங்களாகப் பிரிக்கிறது. 2016இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஆறு பருவங்கள் கோடைக்கு. மே 5 வாக்கில் லீஷியா, அதாவது கோடை பிறப்பு. ஜூன் 21 வாக்கில் ஷியாட்ஜி, ஆண்டின் நீண்ட பகல். ஜூலை 7 வாக்கில் ‘சிறு வெக்கை’, ஜூலை 22, 23இல் ‘பெரு வெக்கை’. நீண்ட பகல் முடிந்து ஒரு மாதம் கழித்து ஏன் பெரு வெக்கை வருகிறது என்றால், பகல் சுருங்கத் தொடங்கினாலும் நிலம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறது, அதுதான் காரணம். யாங்சி நதிக்கரை ஊர்களில் அதற்கு முன்னால், ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, விடாமல் தூறும் ஒரு மழைக்காலமும் உண்டு. பிளம் பழுக்கும் நேரம் என்பதால் ‘பிளம் மழை’ என்று பெயர். துணி காயாது, சுவர் வியர்க்கும், அரிசியில் வண்டு விழும். அந்த ஈரத்தின் மேல் வந்து உட்காரும் வெயில் இது. சீன வைத்தியம் கோடையைப் பற்றிப் பேசும்போது ‘வெக்கை’ என்று மட்டும் சொல்லாமல் ‘ஈரம்’ என்பதையும் சேர்த்தே சொல்வது இதனால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பழக்கங்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

‘சான்ஃபூ’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

அதுதான் அவர்களுடைய அக்னி நட்சத்திரம். மூன்று ‘ஃபூ’க்கள். ஃபூ என்றால் பதுங்குவது. அந்த எழுத்திலேயே மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் இருக்கும். வெளியே அலையாமல் ஒடுங்கி இருக்க வேண்டிய நாட்கள் என்று ஆயி விளக்கினார்.

கணக்கு கொஞ்சம் சுற்று, ஆனால் அழகானது. நமக்கு வாரத்துக்கு ஏழு நாள் மாதிரி அவர்களுடைய பழைய கணக்கில் பத்து நாள் சுழற்சி ஒன்று உண்டு. அதில் ஏழாவது நாளுக்குக் ‘கெங்’ என்று பெயர். நீண்ட பகலுக்குப் பிறகு வரும் மூன்றாவது கெங் அன்று முதல் ஃபூ, நான்காவது கெங் அன்று நடு ஃபூ, இலையுதிர்காலப் பிறப்பு (ஆகஸ்ட் 7 வாக்கில்) கழிந்த பின் வரும் முதல் கெங் அன்று கடைசி ஃபூ. முதலும் கடைசியும் பத்துப் பத்து நாள். நடு ஃபூ மட்டும் சில வருடம் பத்து, சில வருடம் இருபது. 2025இல் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 18 வரை மொத்தம் 30 நாள்தான். 2026இல் ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 23 வரை 40 நாள். ‘இந்த வருடம் முப்பதா நாற்பதா’ என்பதுதான் ஜூன் மாதம் ஆனால் அங்கே வாசலில் உட்கார்ந்து பேசும் பேச்சு.

வட சீனாவில் ஒரு சொல் வழக்கு உண்டு: முதல் ஃபூவுக்கு ஜியாவ்ட்ஸ் (நம் கொழுக்கட்டை போல மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைப்பது), இரண்டாம் ஃபூவுக்கு நூடுல்ஸ், மூன்றாம் ஃபூவுக்கு முட்டை ஊற்றிய ரொட்டி. மூன்றும் கோதுமை. ஜூனில் கோதுமை அறுவடை முடிந்து புது மாவு வீட்டுக்கு வந்திருக்கும், பசி மந்தித்த நேரத்தில் அதுதான் நாக்குக்குப் பிடிக்கும்.

அவ்வளவு வெயிலில் ஏன் வெந்நீர் குடிக்கிறார்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். உணவகத்தில் உட்கார்ந்தால் ஆவி பறக்க ஒரு டம்ளர் வைப்பார்கள், வெளியே 38 டிகிரி இருக்கும்.

அவர்களுடைய எண்ணம் இது. கோடையில் உடம்பின் அனல் எல்லாம் தோலுக்கு வந்துவிடுகிறது, அதனால் உள்ளே வயிறு பலவீனமாக இருக்கிறது. வயிறு என்பது அடுப்பில் வைத்த பானை. அதற்குள் ஐஸ் தண்ணீரைக் கொட்டினால் கொதி அடங்கி, உள்ளே இருப்பது அரைவேக்காடாக நின்றுவிடும். எரிகிற வெயிலிலும் உள்ளே இருக்கும் அனலைக் காப்பாற்று என்பதுதான் மொத்தக் கோடைப் பழக்கத்துக்கும் அடிநாதம். ‘வசந்தத்திலும் கோடையிலும் யாங்கைப் பேணு’ என்று ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள அவர்களுடைய வைத்திய நூலான ஹுவாங்தி நெய்ஜிங் சொல்கிறது. யாங் என்பது வெம்மை, உயிர்ப்பு.

இன்னொரு காரணம் ரொம்பப் புதியது. 1952இல் தொடங்கிய நாட்டுச் சுகாதார இயக்கம், கொதிக்க வைத்த தண்ணீரையே குடிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. பள்ளி, ஆலை, ரயில் எல்லாவற்றிலும் வெந்நீர்க் குழாய் வந்தது. இன்றும் ரயில் பெட்டியில் அது இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், ஆரோக்கியமான ஆளுக்குக் குளிர்ந்த தண்ணீர் விஷம் இல்லை, வெயிலில் சூடேறிப்போனவருக்கு அது உதவவும் செய்யும். ஆனால் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத ஊரில் கொதிக்க வைத்துக் குடிப்பதுபோல வயிற்றைக் காப்பது வேறு எதுவும் இல்லை. முதல் கோடையில் ஐஸை விட்டு ஆறிய வெந்நீருக்கு மாறிய நான்கே நாளில் எனக்கு வயிறு சரியானது. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

வெயிலில் இஞ்சி சாப்பிட்டால் சூடு இல்லையா?

நம் வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள். அங்கே, குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, வைத்தியர் சீட்டே வேண்டாம் என்பார்கள். கோடையில் கண்டதையும் குளிர்ச்சியாகச் சாப்பிட்டு வயிறு மந்தமாகும், உணவும் சீக்கிரம் கெடும், அதற்கு மாற்று இஞ்சி. பிஞ்சு இஞ்சியைச் சீவி வினிகரில் போட்டு, காலைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

ஆனால் காலையில்தான். காலை இஞ்சி ஜின்செங் கஷாயத்துக்குச் சமம், ராத்திரி இஞ்சி பாஷாணத்துக்குச் சமம் என்று இன்னொரு வழக்கு. இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ‘காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்’ என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதேதானே! ராத்திரி இஞ்சி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, பாஷாணம் என்பது மிகை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசிப்பயற்றுத் தண்ணீர் எப்படிச் செய்வது?

‘லூதோவ் தாங்’. கோடை முழுக்க எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கும். ஆலைகளில் தொழிலாளர்களுக்குப் பெரிய அண்டாவில் வைத்துக் கொடுப்பதும் வழக்கம்.

ஆயி செய்யும் முறை இது. ஒரு கைப்பிடி முழுப் பாசிப்பயறு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் பயறு போட வேண்டும், மூடி வைத்துப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். பயறு இன்னும் வெடித்திருக்காது, தண்ணீர் மட்டும் இளம்பச்சையாக இருக்கும். அந்தத் தண்ணீரை வடித்து ஆற வைத்துக் குடிப்பதுதான் வெக்கைக்கு. மிச்சப் பயற்றில் மறுபடி தண்ணீர் ஊற்றி, குழைய வேகவைத்து, கற்கண்டு போட்டுச் சாயங்காலம் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

தண்ணீர் பச்சையாக வராமல் செம்பழுப்பாகிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பயற்றுத் தோலில் இருக்கும் சத்து காற்றோடும் காரத்தன்மையுள்ள தண்ணீரோடும் சேர்ந்து நிறம் மாறுகிறது. இரும்புப் பாத்திரம் வேண்டாம், மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம், ஆரம்பத்திலேயே நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பச்சை நிற்கும். இன்னொன்று, இதில் உப்பு கிடையாது. வெயிலில் வேலை செய்து சட்டை நனைய வியர்ப்பவர்களுக்கு இது மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஷாங்காயில் ஆலைத் தொழிலாளர்களுக்கு உப்பு சோடா கொடுத்ததும் அதற்காகத்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கற்கண்டை விட்டுவிட்டு வடித்த தண்ணீரைக் குடிக்கலாம்.

வேறு என்னென்ன?

பெய்ஜிங் பக்கம் போனால் ‘சுவான்மெய் தாங்’. புகையில் வாட்டிய பச்சை பிளம், ஹாதார்ன் பழம், அதிமதுரம், கற்கண்டு, மேலே உதிர்த்த மணப்பூ. புளிப்பும் இனிப்பும் புகை வாசனையும். பானகம் குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் மடக்கிலேயே பிடித்துவிடும்.

தெற்கே குவாங்தோங்கில் ‘லியாங்சா’. குளிர்ச்சித் தேநீர் என்று அர்த்தம், ஆனால் பல வகைகளில் தேயிலையே கிடையாது. செவ்வந்திப்பூ, ஹனிசக்கிள் பூ, அதிமதுரம், இன்னும் பல மூலிகைகள். கறுப்பாக, கசப்பாக இருக்கும். 2006இல் சீன அரசு இதை நாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ‘ஹீட்டி’, ‘கூலிங்’ என்று பேசிப் பழகியவர்கள் அவர்கள். வயிறு இளகியிருக்கும்போதும், கர்ப்பமாக இருக்கும்போதும் லியாங்சா வேண்டாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதிமதுரம் சேர்ந்ததைத் தினமும் குடிக்கக் கூடாது, அது அழுத்தத்தை ஏற்றும்.

சாப்பாட்டில் பாகற்காய், வெள்ளரி, வெண்பூசணி சூப், தாமரை இலைக் கஞ்சி. வெண்பூசணி நம்முடைய அதே கல்யாணப் பூசணிதான். அதைத் தோலோடு துண்டு போட்டு சூப் வைப்பார்கள், தோல்தான் நீரைப் பிரிக்கும் என்று.

கோடையில் ஆட்டுக்கறி சாப்பிடும் ஊர் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜியாங்சு மாகாணத்தில் ஷூஜோவ் என்ற ஊர். முதல் ஃபூ அன்று தொடங்கி ஊரே ஆட்டு சூப் கடைகளில் உட்கார்ந்துவிடும். மிளகாய் போட்ட கொதிக்கும் சூப்பைக் குடித்து, தலையோடு கால் வியர்த்து, உடம்பில் தங்கிய ஈரத்தை வெளியேற்றுவது என்பது கணக்கு. ஃபூஜியான் மாகாணத்தின் பூத்தியானிலும் பெரு வெக்கை நாளில் ஆட்டுக்கறியும் லிட்சிப் பழமும் சாப்பிடுவார்கள். ஆசைக்கு ஒரு நாள் சாப்பிடுங்கள். இதய நோய் உள்ளவர்களும் யூரிக் அமிலம் உள்ளவர்களும் தள்ளி நிற்பது நல்லது.

குழந்தைகளின் கழுத்தில் முட்டை தொங்குகிறதே?

கோடை பிறப்பு அன்று. வேகவைத்த முட்டையை வண்ண நூல் வலைப்பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிள்ளைகள் முட்டையோடு முட்டை மோதி விளையாடும், உடையாத முட்டைக்காரன் ஜெயித்தான். முட்டை கோடையில் உடம்பு இளைக்காமல் காக்கும் என்று நம்பிக்கை.

அதே நாளில் எடை பார்ப்பதும் உண்டு. அந்தக் காலத்தில் உத்தரத்தில் பெரிய தூக்குக்கோலைக் கட்டி, குழந்தையைக் கூடையில் உட்காரவைத்து நிறுப்பார்கள். கோடையில் பசி போய் இளைப்பதற்கே ‘கசப்புக் கோடை’ என்று அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. கோடை பிறக்கும்போது ஒரு தடவை, இலையுதிர்காலம் பிறக்கும்போது ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் யார் எவ்வளவு இளைத்தார்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு இந்தப் பழக்கங்கள் எல்லாவற்றிலும் இதுதான் ரொம்பப் பிடித்தது. வயதானவர்கள் உள்ள வீட்டில் இன்றைக்கும் செய்யலாம், பைசா செலவில்லை.

டிராகன் படகு விழாவுக்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அது அவர்களுடைய சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், பெரும்பாலும் ஜூனில் வரும். அந்த மாதத்தையே ‘விஷ மாதம்’ என்பார்கள். பாம்பு, தேள், பூரான் எல்லாம் வெளியே வரும், காய்ச்சல்கள் பரவும். அதனால் வாசலில் இரண்டு செடிகளைக் கட்டுவார்கள். ஒன்று நம் மாசிப்பத்திரியின் இனம். இன்னொன்று வாள் மாதிரி நீண்ட இலை. கசக்கி முகர்ந்து பார்த்தேன், வசம்பு! பேர் சொல்லாதது என்று நம் வீடுகளில் பிள்ளைக்கு உரசிப் போடுவார்களே, அதே செடி. அங்கே வேரை விட்டுவிட்டு இலையை வாசலுக்குக் காவல் வைக்கிறார்கள்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கல்லைப் பொடித்து மதுவில் கலந்து குடிக்கும் பழைய வழக்கம் உண்டு. சித்த மருத்துவத்தில் மனோசிலை என்று சொல்லும் அதே கல், ஆர்சனிக் சேர்ந்தது. சூடு பட்டால் இன்னும் கடுமையான நஞ்சாகும். குழந்தை நெற்றியில் பூசுவதும் வேண்டாம்.

எப்போது தூங்கி எப்போது எழுவது?

ஹுவாங்தி நெய்ஜிங் சொல்வது: கோடையில் சற்றுத் தாமதமாகப் படு, சீக்கிரம் எழு, வெயிலை வெறுக்காதே, கோபப்படாதே. ராத்திரி குறைந்த தூக்கத்தை மதியம் ஈடுகட்ட வேண்டும். அலுவலகங்களில் மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை எடுத்து விரித்து விளக்கை அணைத்துவிடுவார்கள். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். படுக்க மூங்கில் பாய். கட்டிப்பிடித்துத் தூங்க உள்ளே வெற்றிடமாகப் பின்னிய மூங்கில் உருளை ஒன்று உண்டு, அதற்கு ‘மூங்கில் மனைவி’ என்று பெயர். காற்று ஊடே போகும், கை கால் ஒட்டாது.

கோடையில் மரப்பலகையில் உட்காராதே என்றும் சொல்வார்கள். பிளம் மழையில் ஊறிய பெஞ்சு வெயில் பட்டதும் உள்ளிருந்து ஈரத்தைக் கக்கும் என்பது காரணம். ஆயி எங்கே போனாலும் ஒரு துணியைக் கையில் கொண்டுபோவார்.

சான்ஃபூ பிளாஸ்டர் ஒட்டலாமா?

ஆஸ்துமா, மூக்கடைப்பு மாதிரி குளிர்காலத்தில் படுத்தும் நோய்களுக்குக் கோடையிலேயே வைத்தியம் பார்ப்பது என்ற எண்ணம். வெண்கடுகு, இன்னும் சில மூலிகைகளை இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டுவார்கள். 1695இல் ஜாங் லூ என்ற வைத்தியர் எழுதிய நூலில் இந்த முறை இருக்கிறது. மூன்று ஃபூ தொடங்கும் நாட்களில் சீன வைத்திய மருத்துவமனைகளில் காலையிலேயே வரிசை நிற்கும்.

தோலை எரிக்கும், கொப்புளம் வரும். சேர்க்கும் மூலிகைகளில் நச்சுத்தன்மை உள்ளவையும் உண்டு. ஆகவே இணையத்தில் வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், தோல் நோய் உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். எது ஒட்டினாலும் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

வெயில் தாக்கியவருக்கு முதுகில் சுரண்டுகிறார்களே, அது சரியா?

குவாஷா. எண்ணெய் தடவி, கரண்டி அல்லது கொம்புச் சில்லால் தோல் சிவக்கும்வரை இழுப்பது. லேசான தலைபாரத்துக்கு இதமாக இருக்கிறது என்பார்கள், செய்துகொண்டால் தப்பில்லை. அதேபோல ‘ஹுவோஷியாங் ஜெங்சி’ என்று ஒரு மருந்து நீர், குமட்டல், வயிற்றுப்போக்குக்குக் கடைகளில் கிடைக்கும். அதில் சாராயச் சத்து பாதிக்குப் பக்கத்தில் இருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், செஃபலோஸ்போரின், மெட்ரோனிடசோல் மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

ஆனால் ஒருவர் உளறுகிறார், நடை தள்ளாடுகிறது, மயங்குகிறார், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். சுரண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. சீனாவில் 120, நம் ஊரில் 108. நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இந்த இடத்தில் ஐஸ் கூடாது என்ற பழைய பேச்சுக்கு இடமே இல்லை.

ஏசி போடக் கூடாதா?

வியர்வையோடு போய் ஏசிக் காற்றுக்கு நேராக நிற்காதே, துடைத்துவிட்டுப் போ, 26 டிகிரியில் வை என்பதுதான் அறிவுரை. பொதுக் கட்டடங்களில் 26க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று 2007இல் அரசே சொன்னது. ஆனால் காற்று ஆகாது என்று ஏசியைத் தொடாமலே இருக்கும் முதியவர்கள் அங்கே நிறைய, எனக்கு அதுதான் கவலை. 2022 ஆகஸ்ட் 18 அன்று சோங்சிங்கின் பெய்பெய் பகுதியில் 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் பனைவிசிறியும் பயற்றுத் தண்ணீரும் காப்பாற்றாது. ஏசி இல்லாதவர்களுக்காகச் சோங்சிங்கில் போர்க்காலப் பதுங்கு சுரங்கங்களைத் திறந்துவிடுகிறார்கள், அங்கே போய் உட்காரலாம்.

இதையெல்லாம் நம் ஊரில் செய்யலாமா?

தேதிகளைக் கொண்டுவராதீர்கள், அவர்களுடைய ஜூலை நமக்கு மே. மதுரை வெயில் வறண்டது, அதனால் ஈரத்தை வெளியேற்று என்று வியர்க்க வைக்கும் முறைகள் நமக்குப் பொருந்தாது. சென்னையின் புழுக்கம் ஓரளவு நான்ஜிங் மாதிரி. பாசிப்பயற்றுத் தண்ணீர், மதியத் தூக்கம், காலை இஞ்சி, எடை பார்ப்பது, இந்த நாலும் எந்த ஊருக்கும் சரி.

அவர்களுக்குக் கோடை எப்போது முடிகிறது?

பஞ்சாங்கப்படி ஆகஸ்ட் 7 வாக்கில். அன்றைக்குக் கடைசியாக ஒரு தர்ப்பூசணியை வெட்டிச் சாப்பிடுவார்கள். வெயில் உடனே போய்விடாது, ‘இலையுதிர்காலப் புலி’ என்று ஒரு திரும்பி வரும் வெயில் உண்டு. அப்புறம் மறுபடி எடை. முதல் வருடம் ஆயி தன் வீட்டுத் தராசில் என்னை ஏற்றி நிறுத்தார், மூன்று கிலோ குறைந்திருந்தேன். அன்று ராத்திரி பெரிய துண்டுகளாக வெட்டிச் சோயா சாஸில் வெந்த பன்றிக்கறி ஒரு கிண்ணம் நிறைய என் முன்னால் வந்தது. இளைத்ததைத் திரும்ப ஒட்டவைக்கிற சாப்பாடு என்றார். நான் கிண்ணத்தைக் காலி செய்யும்வரை எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.